ஃப்ளிக்கர் மட்டும் போதாது, மாப்பிள்ளை

சேலம்,
ஏப்ரல் கடைசி

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாசம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். வாத்தியார் இன்னும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

ஹாக்கி இந்தியா லீக்கில் நம் தமிழ்நாடு டிராகன்ஸ் இன்னொரு பெரிய ஃப்ளிக்கரை, அதாவது பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசிக் கோல் போடுகிறவரை, எடுக்க வேண்டும், அப்போதுதான் கப் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசுக்குள் உன்னோடு சண்டைதான். ஹாக்கி ஊரான கோவில்பட்டிக்காரன் இப்படிப் பேசலாமா?

கணக்கைப் பார். 2024 அக்டோபர் ஏலத்தில் ஓர் ஆண்கள் அணியின் கையில் இருந்தது 4 கோடி. அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது: வெளிநாட்டவர் 8, இந்தியர் 16, அதில் நாலு பேராவது ஜூனியர். தலைக்கு 16 லட்சத்துச் சொச்சம் வருகிறது. ஃப்ளிக்கர் ஹர்மன்பிரீத்துக்கு மட்டும் சூர்மா அணி 78 லட்சம் கொடுத்தது. பையில் ஐந்தில் ஒரு பங்கு காலி. நம்மவர்கள் யிப் யான்சனுக்கு 54, அமித் ரோஹிதாஸுக்கு 48 கொடுத்தார்கள். கால்வாசி அந்த இருவரோடு போயிற்று. இன்னொரு ஃப்ளிக்கரையும் எடுத்தால் நடுக்களத்தில் யாரை நிறுத்துவாய்?

ஃப்ளிக்கரின் அருமை எனக்குத் தெரியும். அந்த சீசனின் ரூர்கேலா ஃபைனலில் பெங்கால் டைகர்ஸின் ஃப்ளிக்கர் ஜுக்ராஜ் மூன்று கோல் போட்டார். அவர்கள் ஹைதராபாத்தை 4-3 என்று ஜெயித்தார்கள். ஆனால் பெனால்டி கார்னர் ஒருத்தர் வேலை இல்லை. பந்தை உள்ளே தள்ளிவிடுகிற புஷ்ஷர் கோல் போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, எல்லைக்கோட்டில் பந்தை வைக்கிறார். கோலுக்கு முன்னால் வளைந்திருக்கிற டி கோட்டின் உச்சி கோல் கோட்டிலிருந்து 14.63 மீட்டர். சாய்வாக அளந்தால் பந்து கிட்டத்தட்ட 19 மீட்டர் ஓடி வர வேண்டும். அவ்வளவு தூரமும் தரையோடு தரையாக வர வேண்டும். ஸ்டிக்கைப் பந்தோடு ஒட்டி இழுக்காமல் தட்டிவிட்டால் பந்து துள்ளும். ஒரு சாண் விலகினாலும், டி உச்சியில் ஃப்ளிக்கருக்காகப் பந்தை நிறுத்துகிற ஸ்டாப்பர் உடம்பை நகர்த்த வேண்டியிருக்கும். ஃப்ளிக்கரின் காலடிக் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

ஸ்டாப்பர் முழங்காலை நன்றாக மடக்கி, ஸ்டிக்கைத் தரையில் படுக்க வைக்க வேண்டும். கை நிமிர்ந்தால் பந்து ஸ்டிக்கில் பட்டு எகிறும். கோல் கோட்டிலிருந்து தடுக்கப் பாய்ந்து வருகிற எதிரணியின் முதல் ரஷ்ஷர் வந்து சேர அந்த ஒரு நொடி போதும். பிறகு 78 லட்சக்காரர் நின்றாலும் பந்து ரஷ்ஷர் காலில்தான் படும்.

அந்த முதல் ரஷ்ஷரையும் நீ கணக்கில் சேர்க்கவில்லை. ரோஹிதாஸுக்குக் கொடுத்த 48-ல் பாதி அந்த ஓட்டத்துக்குத்தான் என்பேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனோடு ஆடியபோது சிவப்பு அட்டை வாங்கி, அரையிறுதியில் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அதில் ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் அவர்களுடைய ஃப்ளிக்கர் பைலாட் போட்டது. 3-2 என்று தோற்றோம். அந்த ராத்திரி நீ போனில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே டிராகன்ஸ் நிர்வாகத்துக்கு என் யோசனை இதுதான்: இருக்கிற ஃப்ளிக்கர்களை வைத்துக்கொள். 10 லட்சத்துக்குள் கிடைக்கிற நல்ல புஷ்ஷர் ஒருவர், ஸ்டாப்பர் இருவர் எடு. ஒருவர் காயம்பட்டாலோ பெஞ்சில் இருந்தாலோ அடுத்தவர் கை பழகியிருக்க வேண்டும். அந்தக் கைகளை ஜூனியர்களில் தேடு. ஸ்டாப்பிங் வயசு பார்க்கிற வேலை இல்லை.

சரி, ஏற்காட்டுக்கு வா. கோடை விழா சமயத்தில் அண்ணா பூங்கா பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய், புதனில் வா. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு. ஏறின கியரிலேயே இறங்கு. பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போகும். தங்கச்சிக்குத் தலை சுற்றும் என்றால் வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் வேண்டாம். மே மாசம் மழை இல்லாவிட்டால் கிளியூர் அருவியில் பாறைதான் இருக்கும், படியில் இறங்கி ஏறுவது வீண். அந்தப் பொழுதுக்கு சேர்வராயன் கோயிலுக்குப் போகலாம்; அங்கே காற்று நன்றாக இருக்கும். சாயங்காலம் மழையும் பனிமூட்டமும் வரும், சின்னவனுக்கு ஸ்வெட்டர் எடுத்து வை.

அவனுக்கு ஃப்ளிக் ஆசை வந்திருக்கிறது என்றாயே. இப்போதே ரொம்ப வளைந்த ஸ்டிக் வாங்கிக் கொடுக்காதே. பந்தை நிறுத்தவும் தள்ளவும் கை பழகட்டும். மலையிலிருந்து இறங்கியதும் இரண்டு நாள் என்னோடு விட்டுவிடு. 19 மீட்டர் அளந்து, ஓரடி அகலத்துக்கு இரண்டு செங்கல் வைக்கிறேன். பத்து புஷ்ஷில் எட்டு துள்ளாமல் நடுவே போகிறவரை ஃப்ளிக் பேச்சே கிடையாது.

ஸ்டிக் மட்டும் கொண்டு வரச் சொல். பந்து என்னிடம் ஆறு இருக்கிறது.

உன்,
பழைய சென்டர் ஹாஃப்