தரவரிசையைத் திருத்துகிறோம்

அண்ணாச்சிமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கற்பனை மல்லர்களின் சவால் உரைகளை எழுதி மோதும் நம் மல்யுத்தக் கதையாட்டத்தின் தரவரிசை பற்றி நேற்று எழுந்த வருத்தம் நியாயமானது. இதுவரை வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டுமே கூட்டினோம். புதியவர்களையே தேடித்தேடி வீழ்த்தியவர் மேலே ஏறிவிட்டார். சாம்பியனையே வென்ற அம்பாசமுத்திரத்துத் தங்கை ஒன்பதாம் இடத்தில் நிற்கிறார். மனது கேட்கவில்லை.

சதுரங்கத்துக்கு ஆர்பாட் ஈலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றது. அதில் எதிராளியின் பலமும் கணக்கில் வரும். எதிராளியைவிடத் தரவரிசையில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவர், இருவரும் ஆடும் ஆட்டங்களின் மதிப்பில் நூற்றுக்கு 76 பங்கு எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. அதனால் அவர் வென்றால் சொற்பப் புள்ளி, தோற்றால் பெரிய இழப்பு. ஆடி முதல் தேதியிலிருந்து நமக்கும் அதுவே. எல்லோருக்கும் தொடக்கம் 1200.

ஆனால் இங்கே மோதுவது உடம்பல்ல, எழுத்து. தீர்ப்பு சாய்ந்தால் எந்தக் கணக்கும் உதவாது. இனி ஒவ்வொரு சவால் உரைக்கும் மூன்று நடுவர்கள், ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே அனுப்புவார்கள். தன் கதாபாத்திரம் மோதும் போட்டிக்கு யாரும் நடுவராக முடியாது, நான் உட்பட. நீளத்துக்கு மதிப்பெண் கிடையாது.

பாபநாசத்துக்கு மேலே சிக்னல் கிடைக்காதவர்கள் முன்கூட்டியே சொன்னால் உரையை அனுப்ப ஒரு நாள் கூடுதல் உண்டு.

பழைய பட்டியலை ஞாயிறு மாலை நீக்குவேன். மாற்றுக் கருத்தை அதற்குள் இங்கேயே எழுதுங்கள்.