கழற்றி மாட்ட முடிகிற கூரை

தக்கலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. டல்லாஸில் இரண்டு அங்குல ஆலங்கட்டி விழுந்து தெருவில் பாதி வீடுகளுக்குக் கூரை போய்விட்டது, உன் வீட்டுக்கு இன்சூரன்ஸ்காரன் முழுசாக மாற்றித் தருகிறான் என்று எழுதியிருந்தாய். கார் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. தப்பித்ததா?

நானும் இங்கே கூரை வேலையில்தான் கிடக்கிறேன். பழைய வீட்டின் கழுக்கோல்கள், அதாவது ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரங்கள், பாதி செல்லரித்துவிட்டதால் ஓடு மொத்தத்தையும் இறக்கியாயிற்று. "இந்தக் காலத்தில் எவனாவது திரும்பவும் ஓடு போடுவானா? பேசாமல் கான்கிரீட் போட்டுவிடு" என்று நீ எழுதியிருக்கிறாய். என் தம்பியும் அதையேதான் சொல்கிறான். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும். பாலிடெக்னிக்கில் கட்டடப் பாடம் எடுத்தே காலம் தள்ளியவனிடம் கேட்டது உன் தப்பு.

இறக்கிய ஓட்டில் முக்கால்வாசி நன்றாகவே இருக்கிறது. தாத்தா காலத்தில் கேரளத்தின் ஃபரோக்கிலிருந்து வந்த மங்களூர் ஓடுகள். கழுவி அடுக்கியபோது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் இதன் கீழேதான் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஆனால் இதன் வடிவத்தை நிதானமாகப் பார்த்தது இப்போதுதான்.

அதற்கு முன்னால் இருந்த நாட்டு ஓடு உனக்கு நினைவிருக்கும். குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்டது. மல்லாத்தி ஒரு வரிசை, கவிழ்த்து ஒரு வரிசை என்று அடுக்கடுக்காக வைத்தால்தான் ஒழுகாது. அத்தனை கனத்தையும் தாங்க மரம் நிறைய வேண்டும். பூனை ஓடினால் கலையும். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் ஆள் வைத்துப் பிரித்து மேய வேண்டும். பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ஆல்ட்கிர்ஷ் என்ற ஊரில் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841-ல் காப்புரிமை வாங்கிய ஓடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. பக்கவாட்டில் ஒரு ஓட்டின் மேடு பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் உட்காரும். மேல் ஓட்டின் கீழ் விளிம்பு, கீழ் ஓட்டின் தலையில் கவ்வும். காற்று தள்ளுகிற தண்ணீர் இடுக்கில் ஏறப் பார்த்தால் அந்தப் பள்ளத்தில் விழுந்து வழிந்துவிடும். ஒரே அடுக்கு போதும். ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும், சதுர மீட்டருக்குப் பதினைந்து பிடிக்கும், கூட்டிப் பார்த்தால் நாற்பது கிலோவுக்குள் அடங்கிவிடும்.

ஆல்ட்கிர்ஷிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் பக்கம்தான். அந்தப் பாசலிலிருந்து வந்த மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூர் ஜெப்புவில் ஓட்டாலை தொடங்கினார்கள். களிமண் அரைக்கிற யந்திரத்தை முதலில் மாடுதான் சுற்றியது, நீராவி அப்புறம் வந்தது. கோழிக்கோடு, பாலக்காடு என்று பரவி 1905-ல் ஃபரோக் வரைக்கும் ஆலைகள் வந்தன. முதல் உலகப் போரின்போது வெள்ளைக்கார அரசு மிஷனின் சொத்துகளைப் பிடுங்கிக்கொண்டது. ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. சரி, வரலாறு போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த ஓட்டில் ஆணி கிடையாது, பசை கிடையாது, முகட்டைத் தவிர எங்கும் சிமென்ட் கிடையாது. அடியில் இருக்கிற இரண்டு முட்டுகளால் பட்டியலில், அதாவது குறுக்குச் சட்டத்தில், தொங்குகிறது, பாக்கியைத் தன் கனமும் பக்கத்து ஓடும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று உடைந்தால் வீட்டுக்குள்ளேயே ஏணி போட்டு, மேல் வரிசையைக் கொஞ்சம் நெம்பி, உடைந்ததை உருவிப் புதிதைச் செருகிவிடலாம். அறை இருட்டாக இருந்தால் அந்த இடத்தில் கண்ணாடி ஓடு. ஆணி அடித்த கூரையில் இந்த வசதி வராது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். கொடுத்ததோ இல்லையோ, 'ஓட்டைப் பிரித்து இறங்கிய திருடன்' செய்தியை எத்தனை தடவை பேப்பரில் படித்திருக்கிறோம்! அந்த வசதியின் மறுபக்கம் அது.

திருடனைவிடப் பெரிய எதிரி காற்று. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்றைக்கு நீ இங்கே இல்லை. ரப்பரும் தென்னையும் விழுந்த கதையெல்லாம் உனக்குத் தெரியும். கூரைகளைப் போய்ப் பார்த்தவனுக்கு இன்னொன்றும் தெரிந்தது. மரம் விழாத வீடுகளில் பெரும்பாலும் நடுக்கூரை அப்படியே இருந்தது. போனதெல்லாம் இறவாரத்து வரிசைகளும், சுவரோர வரிசைகளும், முகடும்தான். காற்று கூரையை அமுக்குவதைவிட ஓரங்களில் மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். முதல் ஓடு கிளம்பிவிட்டால் அடுத்ததற்குப் பிடிப்பு இல்லை. பல மங்களூர் ஓடுகளின் அடியில் ஒரு சின்னக் காதும் அதில் ஒரு துளையும் இருக்கும், பார்த்திருக்கிறாயா? பட்டியலோடு கம்பியால் கட்டுவதற்காக வைத்தது. ஓடு மேய வந்த கொத்தனாரிடம் காட்டினேன். "இதையெல்லாம் யாரு சார் கட்டுறா" என்று சிரித்தார். தீர்வை ஓட்டிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், நாம்தான் பயன்படுத்தவில்லை.

உன் ஊர்க் கூரையில் ஓட்டுக்குப் பதில் போடுகிற தார்த் துண்டு, அந்த ஷிங்கிள், பிறந்ததும் வளர்ந்ததும் நேர் எதிர் வழியில். தார் தோய்த்த சுருள் விரிப்பை 1903-ல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸில் ரெனால்ட்ஸ் என்ற கூரைக்காரர் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதிலிருந்து அந்தத் தொழில் கிளைத்தது. கனம் குறைவு, ஆணி அடித்துக்கொண்டே போகலாம், ஒரே நாளில் வீடு முடிந்துவிடும். பிற்பாடு ஒவ்வொரு துண்டின் அடியிலும் தார்ப்பசைக் கோடு ஒன்று வந்தது. வெயிலில் அது இளகிக் கீழ் வரிசையோடு ஒட்டிக்கொள்ளும். காற்றைத் தாங்குவது பெரும்பாலும் அந்தக் கோட்டின் புண்ணியம்தான். ஆனால் ஒட்டியதைக் கிழிக்காமல் எடுப்பது கஷ்டம். அதனால்தான் ஆலங்கட்டி சில இடங்களில் குழி பறித்தாலும் உன் கூரை மொத்தமும் குப்பைக்குப் போகிறது.

உனக்கு இதில் ஒரு யோசனை சொல்கிறேன். புதிதாகப் போடும்போது 'கிளாஸ் 4' என்று முத்திரை உள்ள ஷிங்கிளைக் கேள். இரண்டு அங்குல இரும்புக் குண்டை இருபது அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டுப் பார்த்து, விரிசல் விடவில்லை என்றால்தான் அந்தத் தரம் கொடுப்பார்கள். தாரில் ரப்பர் போன்ற பாலிமர் கலந்த வகைகள் பல இதில் தேறுகின்றன. இரும்பும் பனிக்கட்டியும் ஒன்றா என்று கேட்பாய். தென் கரோலினாவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. நூற்றுச் சொச்சம் மின்விசிறிகளை வைத்து முழு வீட்டுக்கே புயல் அடித்துப் பார்க்கிற இடம். அவர்கள் பனிக்கட்டி உருண்டையையே சுட்டுச் சோதித்து, ஷிங்கிள் வகைகளுக்குத் தனித் தர வரிசை வெளியிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் அதையும் பார். டெக்சாஸில் கிளாஸ் 4 கூரைக்குப் பிரீமியம் குறைக்கிறார்கள். ஆனால் சலுகை கொடுக்கிறபோது, 'ஒழுகாத வரை வெறும் குழிகளுக்கு இழப்பீடு இல்லை' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிற கம்பெனிகள் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படி. இன்னொன்று: ஷிங்கிளுக்குக் கீழே இருக்கிற கூரைப் பலகையை அடிப்பதற்குத் தண்டில் வளையம் வளையமாக வெட்டிய ஆணி கேள். வழவழப்பான ஆணியைவிடப் பிடிமானம் மிக அதிகம். பலகைகளின் இடுக்குகளுக்கு மேல் ஒட்டுநாடாவும் போடச் சொல். ஷிங்கிள் பறந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்த ஆய்வுக்கூடம் வலியுறுத்துகிற விஷயங்களில் இவை இரண்டும் உண்டு, செலவும் பெரிதில்லை.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் பிரிட்டன்காரர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அங்கேயும் முகட்டு ஓட்டைக் காலம் காலமாகச் சாந்து வைத்துத்தான் ஒட்டினார்கள். சாந்து வெடிக்கும், ஓடு கழலும். 2014-ல் கூரை விதியைத் திருத்தியபோது, சாந்தை மட்டும் நம்பக் கூடாது, முகட்டு ஓட்டைத் திருகாணி போன்ற ஒன்றால் பிடிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். சரிவில் இருக்கிற ஓடுகளுக்கும் ஆணியோ கிளிப்போ கட்டாயம். இப்போது அங்கே சாந்தே இல்லாத உலர் முகடு பரவலாக வந்துவிட்டது. கீழே காற்றுப் போக வழியுள்ள ஒரு சுருள்பட்டை, மேலே ஓடு, அதைப் பிடிக்கத் திருகாணி. புயலுக்கு அசையாது, பழுது வந்தால் திருப்புளியால் கழற்றிவிடலாம். கூரைக்கு இந்த இரண்டும் வேண்டும் செல்வம். ஒட்டிவிட்டால் முதலாவது மட்டும்தான் கிடைக்கும், சும்மா அடுக்கினால் இரண்டாவது மட்டும்.

அதனால் நான் செய்வது இதுதான். மரத்துக்குப் பதில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் டிரஸ், அதாவது கூரைச் சட்டம். செல் கவலை விட்டது. இரண்டடிக்கு ஓரடி ஏறுகிற பழைய சரிவை மாற்றவில்லை. இறவாரத்தில் முதல் இரண்டு வரிசைக்கும், இரண்டு ஓரங்களுக்கும் ஓட்டின் காதில் கம்பி கட்டுகிறேன். முகட்டுக்குத் திருகாணி. நடுவில் இருக்கிறதெல்லாம் தாத்தா காலத்து மாதிரி சும்மா தொங்கும். கொத்தனாருக்கு இதில் திருப்தி இல்லை. கம்பி கட்டுவதற்கு மட்டும் தனிக் கூலி கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் வேறு மாதிரி செய்கிறார். கேரளத்தில் பார்த்துவிட்டு வந்து, கான்கிரீட்டையே சரிவாக வார்த்து, மேலே அழகுக்கு ஓடு ஒட்டுகிறார். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் காற்றுக்கு வழியே இல்லை. ஒட்டிய இடுக்கில் தண்ணீர் இறங்கினால் எந்த ஓட்டின் கீழே என்று கண்டுபிடிப்பது எப்படி? நான் ஒன்றும் சொல்லவில்லை, காலையில் பால் வாங்கும்போது முகம் பார்க்க வேண்டிய மனிதர்.

காற்றுக்கு வழி என்பது சூட்டுக்கும் சேர்த்துத்தான். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் 2000-ஆம் ஆண்டு ஒரே மாதிரிக் கட்டிய வீடுகளில் கூரையை மட்டும் மாற்றிச் சோதித்தார்கள். அடர் சாம்பல் நிற ஷிங்கிள் போட்ட வீட்டோடு ஒப்பிட்டால், சிவப்பு ஓட்டு வீட்டில் குளிரூட்டும் மின்சாரம் சில சதவீதம்தான் குறைந்தது. வெள்ளை ஓட்டு வீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்காகத் தாத்தாவின் ஓட்டுக்கு வெள்ளையடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஓட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு அலுமினியத் தாள் விரித்துச் சமாளிக்கிறேன்.

சோலார் ஓடு போடலாமே என்று நீ கேட்டதற்கு: டெஸ்லா 2016-ல் காட்டியபோது நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் ஓடு ஓடாக மின் இணைப்பு என்றால் கெட்டுப்போகக் கூடிய இடங்களும் அத்தனை. ஓட்டின் இடுக்கு வழியாகக் கீழிருந்து வருகிற கொக்கியில் சாதாரணப் பேனல் மாட்டிக்கொள்வது எனக்குப் போதும். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தெற்குச் சரிவில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

விரிசல் விட்ட ஓடுகளை வீசவில்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் செய்த மாதிரி, கம்பிகளுக்கு நடுவே கான்கிரீட்டுக்கு வேலையில்லாத இடத்தில் அவற்றை வைத்துக் குளியலறைக்கு மட்டும் தட்டுக் கூரை வார்க்கப் போகிறேன். தம்பி கேட்ட கான்கிரீட்டும் போட்ட மாதிரி ஆயிற்று.

ஜனவரியில் வருகிறாய் அல்லவா? உன் ஊர்க் கடைகளில், தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்த துருப்பிடிக்காத திருகாணி நல்லதாகக் கிடைக்கும். இரண்டு டப்பா வாங்கி வா, பணம் இங்கே தருகிறேன். மல்லிகாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அப்புறம் மக்கா, கார் பற்றி மறக்காமல் எழுது.

உன்,
தங்கராஜ்