வெந்நீர்க் குளியல்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. "கஞ்சா வெறும் இலைதானே" என்று உன் மகன் வாதாடுவதாக எழுதியிருந்தாய். நான் டாக்டர் இல்லை. அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறு மாதமாகக் காலையில் எழுந்தால் குமட்டல், வாந்தி. அல்சர் மாத்திரை, எண்டோஸ்கோப்பி எல்லாம் ஆயிற்று. அக்காவுக்குப் புரியாதது ஒன்றுதான்: பையன் நாளைக்கு நான்கைந்து முறை குளிக்கிறான், கதவிடுக்கில் ஆவி வருகிறது, வெளியே வரும்போது முதுகு செக்கச்செவேலென்று இருக்கிறது. கடைசியாகப் பார்த்த டாக்டர், "வெந்நீரில் நின்றால் குமட்டல் அடங்குகிறதா?" என்று கேட்டார். அடுத்த கேள்விக்கு முன் அக்காவை வெளியே அனுப்பிவிட்டார். ஆண்டுக்கணக்கில் விடாமல் கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு வரும் கோளாறாம். 2004இல்தான் மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், கீமோதெரபி வாந்தியை அடக்க, கஞ்சாவில் போதை தரும் அதே பொருளைச் செயற்கையாகச் செய்து மாத்திரையாகத் தருகிறார்கள்!

தீர்வு, நிறுத்துவதுதான். நிறுத்தினான். முதல் வாரம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். "இதற்கு அடிமையாக முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

மகனிடம் பூச்சாண்டி காட்டாதே. நுரையீரல் புற்றுநோய் வரும் என்றால் மடக்கிவிடுவான். அது இன்னும் உறுதியாகவில்லை. நாள்பட்ட இருமலும் சளியும் மெய். படபடப்பு, வாய் வறட்சி, சற்றுமுன் கேட்டது மறந்துபோவது எல்லாம் சில மணி நேரத்தில் தெளியும். அதுவரை வண்டிச் சாவி உன் கையில் இருக்கட்டும். தின்பண்டத்தில் கலந்தது இன்னும் மோசம். போதை ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஏறவில்லையென்று இன்னொரு துண்டு தின்பார்கள்.

என் கவலை அவன் வயதுதான். பதினேழு. மூளை முதிர இருபத்தைந்து வயதாகிறது. ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து, 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது முறைக்குமேல் கஞ்சா புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய், தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. கஞ்சா மட்டுமே காரணமா என்ற சர்ச்சை ஓயவில்லை. ஆனால் குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் ஆபத்து கூடுதல் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகமில்லை.

உன் சித்தப்பாவைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறாயா? வீட்டில் யாரும் வாய்திறப்பதில்லை என்று தெரியும். நீ சொல்லத் தயங்கினால் அவனை என்னிடம் அனுப்பு, நான் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு