முதல் காசு யாருக்கு?

அன்பு மகளுக்கு,

நீ நடத்தும் இணையப் பின்னல் இதழுக்கு வாசகர்களிடம் பணம் கேட்கலாமா வேண்டாமா என்று போனில் இழுத்துக்கொண்டே இருந்தாய். நேரில் பேசினால் நாம் இருவரும் பாதியில் முறைத்துக்கொள்வோம், அதனால் எழுதுகிறேன். கேள். கூச்சப்படாமல் கேள். ‘நிட்டி’ என்ற பின்னல் இதழை 2002-இல் இணையத்தில் தொடங்கினார்கள். இருபது வருடம் தாண்டியும் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். விளம்பரமும் வாசகர்கள் மனமுவந்து கொடுப்பதும் சேர்ந்துதான் அதை ஓட்டுகின்றன. உனக்கு மட்டும் எதற்கு இந்தத் தயக்கம்?

எனக்கு இருக்கும் கவலை வேறு. வருகிற முதல் காசை எங்கே போடப்போகிறாய்? பக்கத்தை அழகாக்க வேண்டும், நல்ல கேமரா வாங்க வேண்டும் என்றாய். அதெல்லாம் அப்புறம். முதலில் பேட்டர்னை, அதாவது எப்படிப் பின்ன வேண்டும் என்று எழுதிய குறிப்பை, சரிபார்ப்பவருக்குக் கொடு.

ஏன் என்று உனக்கே தெரியும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) என்ற கணக்கில் 100 செ.மீ. சுற்றளவு ஸ்வெட்டருக்கு 220 கண்ணி போடச் சொல்லியிருக்கிறோம் என்று வை. அளவு வரியில் 22 என்பது தவறி 20 என்று அச்சாகிவிட்டது. படிக்கிறவள் ஒழுங்கானவள், மாதிரித் துண்டு பின்னி, ஊசியை மாற்றி, 10 செ.மீ.க்குச் சரியாக 20 கண்ணி கொண்டுவருகிறாள். அதே 220 கண்ணியைப் போடுகிறாள். ஸ்வெட்டர் 110 செ.மீ. வரும்! இரண்டே கண்ணிதான், ஆனால் முழுசாகப் பிரிக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி கேட்டவளுக்குத்தான் இந்தத் தண்டனை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அவள் மன்னிப்பாள், இதை மன்னிக்கமாட்டாள். ஒரே சைஸுக்கே இப்படி என்றால், எட்டு சைஸுக்கும் எண்ணைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொன்றிலும் டிசைன் முழுசாக முடிகிறதா என்று பார்ப்பது எவ்வளவு வேலை! கண் வலிக்கும் அந்த வேலையைப் பிரியத்துக்காக வருடக்கணக்கில் செய்ய யாரும் வரமாட்டார்கள். எழுதுபவருக்குப் பெயர் வரும், படம் எடுப்பவருக்குப் பாராட்டு வரும். சரிபார்ப்பவர் வேலையைச் சரியாகச் செய்தால் அவர் இருந்ததே தெரியாது.

கட்டண விஷயம் ஒன்று. 2017 டிசம்பரில் பேட்ரியான் என்ற, வாசகர்களிடம் ஆதரவுத் தொகை வாங்கித் தரும் இணையதளம், ஒவ்வொரு ஆதரவுத் தொகைக்கும் 2.9 சதவீதமும் அதற்கு மேல் 35 செண்ட்டும் கொடுப்பவர் தலையிலேயே கட்டப்போவதாக அறிவித்தது. ஒரு டாலர் கொடுப்பவர் 1.38 டாலர் கட்ட வேண்டும். ஐம்பது டாலர் கொடுப்பவருக்கு அது பெரிதாக உறைத்திருக்காது. சின்னத் தொகைக்காரர்கள் விலகத் தொடங்கியதும், ஒரு வாரத்துக்குள் நிறுவனமே மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. உன் வாசகர்களும் சின்னத் தொகைக்காரர்கள்தான். மாதாமாதம் கொஞ்சமாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் கட்டணம் அரித்துவிடும். வருடத்துக்கு ஒரே தடவை கட்டும் வழியையும் வை.

கொடுப்பவர்களுக்குப் பரிசு அனுப்புகிறேன், தனிப் பேட்டர்ன் தருகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. இருக்கிற இதழுக்கே ஆள் இல்லை, இதில் இன்னொரு இதழா? அவர்களுக்கு இரண்டு நாள் முன்னாடி இதழைக் காட்டு, போதும். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஒவ்வொரு இதழிலும் நாலு வரி எழுது. சர்வருக்கு இவ்வளவு, சரிபார்ப்புக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. மிச்சமே இல்லை என்றால் அதையும் எழுது.

சம்பளமில்லாமல் உழைக்கிறவர்களை நீ விரட்டுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. (அப்பாவும் இதையேதான் சொல்கிறார், ஆனால் உன்னிடம் சொல்லமாட்டார்.) மாதம் ஒரு இதழ் முடியவில்லையா, மூன்று மாதத்துக்கு ஒன்று போடு. பேட்டர்னின் உரிமை வடிவமைத்தவரிடமே இருக்கட்டும். இதழில் வெளியிட அனுமதி மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள். நாளைக்கு அவள் அதைத் தனியாக விற்க நினைத்தால் உன்னிடம் வந்து நிற்கக்கூடாது.

இணைய முகவரி உன் பெயரில், உன் கார்டில்தானே இருக்கிறது? கார்டு காலாவதியானாலோ நீ படுத்துவிட்டாலோ புதுப்பிக்கிற நாள் தவறிப்போகும், பழைய இதழ் எதுவும் திறக்காது. கடவுச்சொற்களை நம்பிக்கையான இன்னொருத்தியிடமும் கொடுத்து வை, இந்த வாரமே.

அடுத்த இதழின் காலுறைப் பேட்டர்னை எனக்கு அனுப்பு. குதிகால் திருப்புகிற இடத்தில் கண்ணிக் கணக்கு இடிக்கும் போலிருக்கிறது, ஒன்று பின்னிப் பார்த்துச் சொல்கிறேன். எனக்குக் காசு வேண்டாம், ஆனால் சரிபார்த்தவர் பெயரை இனிமேலாவது போடு.

அன்புடன்,
அம்மா