பேச்சாளரைத் தேடும் முன்: முத்தையாவுக்கு ஒரு கடிதம்

அம்பாசமுத்திரம்
ஆடி மாதம்

அன்புள்ள முத்தையா,

உம் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தூத்துக்குடியிலேயே வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கார் நடவு முடிந்து களையெடுப்பு நடக்கிறது. சாரலுக்கும் குறைவில்லை.

மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு, அதுவும் வெளிநாட்டு உறவு, அரசுக் கொள்கை பற்றி என்று கல்லூரியில் உம் தலையில் கட்டிவிட்டார்களாமே. யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டிருந்தீர். ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் வே. அவரிடம் என்ன கேட்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யும். 'மாறிவரும் உலகில் இந்தியா' என்று தலைப்பு கொடுத்தால், வருகிறவர் எல்லா ஊரிலும் பேசுகிற பேச்சையே இங்கேயும் பேசிவிட்டு ரயில் ஏறிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, தலைப்பு அப்படி.

நம் பக்கத்துக்கு ஏற்ற தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. என்னைக் கேட்டால் முதல் கூட்டத்துக்குப் பீடியை எடுப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003-இல் நிறைவேறியது. இந்தியா 2004-இல் ஏற்றது, 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான். புகையிலைத் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் பிழைக்க வழியுள்ள மாற்றுத் தொழில்களை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் நடுவில் 'பொருத்தமானபடி' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்கள். எந்த அரசும் நழுவ அந்தச் சந்து போதும். இதே உடன்படிக்கையின் எச்சரிக்கைப் படம் 2016-இல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு வந்துவிட்டது. பீடித் தொழிலாளர் நலநிதிக்கென்று வசூலான தனி வரியோ 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது போயிற்று. ஆகவே பேச்சாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: 17-ஆம் பிரிவால் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு என்ன வந்தது, வராததற்கு யார் பொறுப்பு? இப்படிக் கேட்டால், உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவில் தொடங்குகிறவரும் முக்கூடலுக்கு வந்துதான் முடிக்க வேண்டும்.

இந்தத் தலைப்பில் ஒரு கண்ணி உண்டு. அதே உடன்படிக்கையின் 5.3 பிரிவு, புகையிலைத் தொழில் நடத்துகிறவர்களின் தலையீடு கொள்கையில் வராமல் அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பீடிக் கம்பெனிக்காரர் நன்கொடை தருகிறார் என்று அவரை மேடையில் உட்கார வைத்தால், பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் வரமாட்டேன் என்பார், சொல்வதும் நியாயம். கம்பெனிக்காரர் சபையில் இருந்து கேள்வி கேட்கட்டும். தொழிற்சங்கத்தாரை மேடைக்கு அழைக்கத் தடையில்லை.

கச்சத்தீவை எடுத்தால் கூட்டம் தானாக வரும், கூடவே கூச்சலும் வரும். இலங்கையோடு செய்த 1974 ஜூன் ஒப்பந்தத்தையும் 1976 மார்ச் கடிதப் பரிமாற்றத்தையும் ஒரே தாளில் முன்னும் பின்னும் அச்சடித்து வாசலிலேயே கொடுத்துவிடும். முதலாவது, இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமின்றி அந்தத் தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. இரண்டாவது, வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. பாதிச் சண்டை இவற்றில் ஒன்றை மட்டும் படித்தவர்களால் வருவது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளப் பகுதியில் இந்தியாவின் உரிமையை உறுதிசெய்ததும் அந்த 1976 கடிதங்கள்தான். உவரிக்காரருக்கும் கூட்டப்புளிக்காரருக்கும் அது கச்சத்தீவைவிடப் பக்கம், பேசத்தான் ஆளில்லை.

கூடங்குளத்தை முதல் வருஷம் தொடாதேயும். 1988 நவம்பரில் சோவியத் ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தம், மின்சாரம் வந்தது 2013-இல். கையெழுத்திட்ட ஒரு நாடே நடுவில் இல்லாமல் போயிற்று. அருமையான பாடம்தான். ஆனால் ஒருவரை மட்டும் பேசவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பார்கள். இருவரைப் பேசவிட நடுவருக்குக் கை பழகியிருக்க வேண்டும். கோவில்பட்டித் தீப்பெட்டிக்காக 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023-இல் தடுத்த கதை எளிது. அதை இரண்டாவது கூட்டத்துக்கு வையும்.

இப்போது ஆள். பதவியில் உள்ள அதிகாரி வேண்டாம். அகில இந்தியப் பணி நடத்தை விதிகள், 1968, ஏழாவது விதிப்படி அவர் அரசின் கொள்கையைப் பொதுவில் குறை சொல்லக் கூடாது. திட்டக் கையேட்டைத்தான் வாசிப்பார், பாவம். ஓய்வுபெற்றவர் தாராளமாகப் பேசுவார். வெளியுறவு அமைச்சகமே ஓய்வுபெற்ற தூதர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் சொற்பொழிவுத் தொடர் ஒன்றை 2010 முதல் நடத்திவந்திருக்கிறது. கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு எழுதிப் பாரும். தூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, பழைய விருந்துகளின் கதையில் இறங்கிவிடுவார்கள். அழைப்புக் கடிதத்திலேயே ஒரு முடிவைச் சுட்டி, 'இந்த முடிவு எடுக்கப்பட்டபோது மேசையில் வேறு என்னென்ன வழிகள் இருந்தன?' என்று கேட்டுவிட்டால் கதை குறையும்.

அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கேள்வி, கேட்க வருகிறவர்கள் யார், பேச்சு 35 நிமிடம், கேள்வி நேரம் 40 நிமிடம், பேச்சின் குறிப்பு பத்து நாளுக்கு முன் வேண்டும். குறிப்பு எதற்கென்றால், ஆங்கிலத்தில் பேசுகிறவருக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்தால் 35 நிமிடம் 70 ஆகிவிடும், சபை எழுந்து போய்விடும். குறிப்பை வைத்துத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி நாற்காலியில் வைத்துவிட்டால் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. கேள்வியைத் தமிழில் கேட்கட்டும், நடுவர் ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

நேரத்தைத் தின்பது மேடை மரியாதை. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி என்று அரசாணையே இருக்கிறது. அதற்குப் பின் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று அரைமணி நேரம் போவதற்குத்தான் ஆணை ஏதும் இல்லை. மேடையில் பேச்சாளரும் நடுவரும் மட்டும் உட்காரட்டும். பொன்னாடையை அவர் வந்து இறங்கியதும் முதல்வர் அறையிலேயே போர்த்திவிடும். முதல்வருக்கு வருத்தம் வராமல் இருக்க, வரவேற்புரையை மூன்று நிமிடத்துக்கு அவரிடமே கொடும்.

அரங்கு சிறியதாகப் பாரும். நானூறு இருக்கையில் தொண்ணூறு பேர் இருந்தால் பேச்சாளர் முதல் வரியிலேயே சோர்ந்துவிடுவார். 120 பேர் கொள்ளும் வகுப்பறை போதும். வருகைப் பதிவைக் காட்டி மூன்று வகுப்புகளை ஓட்டி வராதேயும். பெயர் கொடுத்ததும் பின்வாசல் வழியாக நழுவுவார்கள், அந்தச் சத்தத்தில் மிச்சப் பேரும் கேட்க முடியாது.

மைக் விஷயம் முக்கியம். ஸ்பீக்கர் பெட்டி பேச்சாளருக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அதன் ஒலியை மைக் மறுபடி பிடித்துக் கூவும். கம்பியில்லா மைக்குக்கு அன்றைக்கே புது பேட்டரி போடச் சொல்லும். பதிவு வேண்டுமானால் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு கம்பி எடுக்கச் சொல்லும். பின்வரிசையில் போனை நிறுத்தி எடுத்தால் மின்விசிறிதான் பேசும்.

கேள்வி நேரத்துக்கு இரண்டு பையன்களைப் பழக்கும். கேள்வி கேட்கிறவர் கையில் மைக்கைக் கொடுக்கவே கூடாது. பையன் தன் பிடியிலேயே வைத்து அவர் வாய்ப்பக்கம் நீட்ட வேண்டும், கட்டைவிரல் சுவிட்ச் மேல் இருக்க வேண்டும். கைக்குப் போன மைக் திரும்பாது. முதல் ஆள் எட்டு நிமிடம் உரையாற்றிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதையே அளவாக எடுத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு கேள்வியை மாணவிகளுக்கு ஒதுக்கும். பெரியவர்கள் தொடங்கிவிட்டால் பிள்ளைகள் பிறகு வாய் திறக்க மாட்டார்கள். கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டு, ஏ4 தாளில் கால்வாசி: பெயர், ஊர், ஒரே ஒரு கேள்வி. சீட்டைப் பொறுக்கிப் படித்தால் மறைத்துவிட்டார்கள் என்று பேச்சு வரும். நேரம் போதாத சீட்டுகளை எல்லாம் பேச்சாளரிடம் கொடுத்தனுப்பி, வருகிற பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்.

மாதத்துக்கு ஒன்று என்பது கொஞ்சம் பேராசை. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜூலை முதல் செப்டம்பர், ஜனவரி முதல் மார்ச், ஆக வருஷத்துக்கு ஆறு போதும். சென்னையிலிருந்து வருகிறவர் முந்தின நாள் மதியம் வந்தே பாரத்தில் ஏறினால் இரவு பத்தரை மணிவாக்கில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிவிடலாம். மறுநாள் மாலை நாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்தால் இரவு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். பயணப்படிக்கு முன்னனுமதி வாங்கிவிடும். பின்னால் கேட்டால் தணிக்கையில் மாட்டும்.

பீடித் தலைப்புக்கு ஒப்புக்கொள்வீர் என்றால் எழுதும். 17-ஆம் பிரிவையும் 5.3-ஐயும் தமிழில் எழுதி அனுப்புகிறேன். அன்றைக்கு முக்கூடல், ஆலங்குளம் பெண்களை அழைப்பதானால் ஐந்தரை மணி கணக்கு அவர்களுக்குச் சரிவராது. பஸ் பிடித்து இருட்டுமுன் வீடு சேர வேண்டும். அந்த ஒரு கூட்டத்தை மட்டும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வையும்.

அன்புடன்,
இசக்கி