மனைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு? ஓர் ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் பற்றிய புகார்

அனுப்புநர்:
பத்திர எழுத்தர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 12.09.2024

பொருள்: 24 அங்குல ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் (திரையும் சிபியுவும் ஒரே உடம்பாக வருவது) – 14 மாதத்தில் மதர்போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய மின்னணுப் பலகை) பழுது – நல்ல நிலையில் உள்ள திரையும் பயனற்றுப் போனது – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 19.06.2023 தேதியிட்ட பில். 2. தங்கள் சர்வீஸ் சென்டர் கொடுத்த 27.08.2024 தேதியிட்ட எஸ்டிமேட்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். எழுதுவது என்று பேச்சுக்குத்தான் சொல்வது, இப்போது எல்லாமே டைப்தான். 2018ல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 கொண்டுவந்த பிறகு, ஆவணத்தை ஆன்லைனில் ஏற்றி, டோக்கன் போட்டு, அதன் பிறகுதான் சார்பதிவாளர் முன்னால் போய் நிற்க முடியும். கம்ப்யூட்டர் ஓடாத நாளில் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஆடி மாதம் எங்களுக்குச் சும்மா போகும். ஆவணி பிறந்ததும் பிடிக்கும் கூட்டம். அப்படி ஆவணி பிறந்த முதல் வாரம், 21.08.2024 புதன்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு உங்கள் கம்ப்யூட்டர் நின்றது. பதினோரு மணிக்கு டோக்கன். வாங்குகிறவர், விற்கிற ஆச்சி, அவர் பிள்ளைகள் மூன்று பேர், சாட்சி இரண்டு பேர் என்று கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பட்டனை அமுக்குகிறேன், அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. பிளக்கை மாற்றிப் பார்த்தேன், யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்துவிட்டு நேராகச் செருகிப் பார்த்தேன். ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நாள் நல்லாத்தானப்பா இருக்கு, இதென்ன சகுனம்?" என்றார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பத்திரத்தை முதலிலிருந்து டைப் அடித்து, டோக்கன் நேரம் தப்பி, மூன்று மணிக்குத்தான் பதிவு முடிந்தது.

வெள்ளிக்கிழமை உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். அது திருநெல்வேலியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டி எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதால் ஜமக்காளத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் வந்து, "அண்ணாச்சி, டிவிக்கு லக்கேஜ் போடணும்" என்றார். "டிவி இல்லப்பா, கம்ப்யூட்டர்" என்றேன். "அப்ப பொட்டி எங்க?" "இதுக்குள்ளதான்." நான் டிக்கெட் காசுக்காகப் பொய் சொல்கிறேன் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு லக்கேஜ் போட்டார்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2014ல் வாங்கிய என்னுடைய பழைய அசெம்பிள் சிஸ்டத்தில் சிபியு தனி, மானிட்டர் தனி. 2017ல் மின்சாரம் ஏறி இறங்கியதில் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது சிபியுவுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, போனது. உள்ளூர்க் கடைப் பையன் வந்து 850 ரூபாய்க்குப் புதிது போட்டு அரை மணி நேரத்தில் ஓடவிட்டான். 2019ல் மானிட்டரில் கோடு விழுந்தது, மானிட்டரை மட்டும் மாற்றினேன். கெட்டதைக் கழற்றி, கெடாததை வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் மடியில் எதையும் தூக்கிக்கொண்டு போனதில்லை.

சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி மரியாதையான பையன், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. நாலு நாள் கழித்துப் போன் செய்தார். "போர்டு போயிட்டு சார். பிராசசர் அதுலயே சால்டர் பண்ணி வருது, தனியாக் கழத்த முடியாது. புது போர்டுதான் போடணும்." எஸ்டிமேட்: போர்டு 29,800 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 5,364 ரூபாய், ஆக மொத்தம் 35,164 ரூபாய். வாரண்டி ஒரு வருடம்தான், அது முடிந்து இரண்டு மாதம் இரண்டு நாளில் கம்ப்யூட்டர் நின்றிருக்கிறது.

நான் கேட்டேன்: "திரை எப்படி இருக்கு தம்பி?"

"திரை சூப்பரா இருக்கு சார். வேற போர்டு போட்டு செக் பண்ணிட்டோம், ஒரு புள்ளி கூட போகல."

"அப்ப அதை மானிட்டரா வச்சுக்கிடுதேன், வேற சிபியு வாங்கி மாட்டிக்கிடுதேன்."

"அது முடியாது சார். பின்னால இருக்குற எச்.டி.எம்.ஐ., அதான் படம் போற கேபிள் சொருகுற இடம், வெளிய அனுப்புறதுக்கு மட்டும்தான். உள்ள வாங்காது."

எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால், வீட்டை விட்டு வெளியே போகப் பாதை விட்டிருக்கிறீர்கள், உள்ளே வருவதற்கு வழிநடைப் பாத்தியம் இல்லை. இப்படி ஒரு சொத்துக்கு நான் பத்திரம் எழுதினால் வாங்குகிறவர் என் சட்டையைப் பிடிப்பார். வாங்கும்போது கடையில் நான் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். "எச்.டி.எம்.ஐ. இருக்கு சார்" என்று பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார் விற்பனையாளர். பெட்டியிலும் எச்.டி.எம்.ஐ. என்று மட்டும்தான் அச்சிட்டிருந்தது. அது போகும் வழியா வரும் வழியா என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கள் கேட்டலாகிலேயே விலை கூடிய 27 அங்குல மாடலில் 'எச்.டி.எம்.ஐ. இன்' என்று தனியாகப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் பயன்படுத்தலாம் என்று விளம்பரம் செய்திருக்கிறீர்கள். ஆக, செய்யத் தெரியாமல் விட்டதில்லை. போர்டு செத்ததற்காக நல்ல திரையும் உடன்கட்டை ஏற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள்.

இனி விலைக்கு வருகிறேன். எனக்கு உண்மையான குறை அங்கேதான்.

மனையும் கட்டடமும் சேர்த்து ஒருவர் விற்றால், பத்திரத்தில் மனையின் மதிப்பு இவ்வளவு, கட்டடத்தின் மதிப்பு இவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். மொத்தமாக ஒரு தொகை போட்டுக்கொண்டு போனால் கேள்வி வரும். உங்கள் பில்லில் 'ஆல் இன் ஒன் – எண்ணிக்கை 1 – 63,500 ரூபாய்' என்று ஒரே வரி. அதில் திரைக்கு எவ்வளவு, கம்ப்யூட்டருக்கு எவ்வளவு என்று பிரம்மாவுக்குத்தான் தெரியும்.

அதே ஜூன் மாதம் உள்ளூர்க் கடையில் தனித்தனியாக வாங்க ஒரு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தேன். கோர் ஐ5-12400 பிராசசர், போர்டு, 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கேபினட், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்த்து 36,400 ரூபாய். 24 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர் 9,800 ரூபாய். கீபோர்டு, மவுஸ் 1,100. நியாயமாகப் பேச வேண்டும் என்பதால், உங்கள் கம்ப்யூட்டரில் வந்தது போல ஒரிஜினல் விண்டோஸுக்கு 9,000 சேர்க்கிறேன். மொத்தம் 56,300. உங்களுடையது 7,200 ரூபாய் கூடுதல், அதிலும் ரேம் பாதிதான், 8 ஜி.பி.

வரியில் வித்தியாசம் என்று சொல்லவும் இடமில்லை. கம்ப்யூட்டருக்கும் 18 சதவீதம், 32 அங்குலம் வரையிலான மானிட்டருக்கும் 2019 ஜனவரியிலிருந்து 18 சதவீதம்தான்.

பெட்டியின் மேல் பெரிதாக 'ஐ5' என்று போட்டிருந்தீர்கள். எங்கள் அக்கா மகன் சென்னையில் ரிச்சி தெருவில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். மாடல் எண்ணைக் கேட்டுவிட்டு, "மாமா, இது 1235யூ. யூ-ன்னு முடிஞ்சா லேப்டாப் பிராசசர்" என்றான். கொட்டேஷனில் இருந்த 12400 மேசைக் கம்ப்யூட்டருக்கு என்றே செய்தது, ஆறு பெரிய கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி), அடிப்படை மின்சக்தி 65 வாட். உங்கள் 1235யூவில் பெரிய கோர் இரண்டுதான், மற்ற எட்டும் சின்னது, அடிப்படை மின்சக்தி 15 வாட். மெல்லிய உடம்புக்குள் சூட்டை அடக்க வேண்டும் என்பதால் அப்படி என்றான், அது நியாயம்தான். எனக்குப் பத்திரம் டைப் அடிக்க 15 வாட்டே தாராளம், கரண்ட் போனால் யு.பி.எஸ். கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் லேப்டாப் சரக்கைப் போட்டிருந்தால் லேப்டாப் சரக்கு என்று எழுதி விற்க வேண்டும். புஞ்சையை நஞ்சை என்று எழுதி விற்றால் எங்கள் தொழிலில் அதற்கு வேறு பெயர் உண்டு.

அவன் இன்னொன்றும் சொன்னான். ஆப்பிள் நிறுவனம் இந்த 2024ல் திரையில்லாத மேக் மினி கம்ப்யூட்டரை 59,900 ரூபாய்க்கும், 24 அங்குலத் திரையோடு சேர்ந்த ஐமேக்கை 1,34,900 ரூபாய்க்கும் விற்கிறதாம். ஒன்றில் எம்2 சிப், மற்றதில் எம்3, கீபோர்டும் மவுஸும் ஐமேக்கோடு மட்டும் வரும். ஆகவே சரிக்குச் சரி கணக்குப் போட முடியாது. விலை அநியாயமா இல்லையா என்பதும் தனிப் பேச்சு. வாங்குகிறவன் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கவாவது அங்கே வழி இருக்கிறது. உங்கள் கடையில் அதுவும் இல்லை.

சேர்ந்த கம்ப்யூட்டரை நான் ஏன் வாங்கினேன் என்று கேட்பீர்கள். என் மேசை மூன்றடிக்கு இரண்டடி. எதிரே கட்சிக்காரர் உட்கார வேண்டும், நடுவே ஸ்டாம்ப் பேட், மூலப் பத்திரக் கட்டு, வில்லங்கச் சான்று, கைரேகை மை எல்லாம் வேண்டும். காலுக்குக் கீழே சிபியு, ஒயர்க் கூட்டம், எலி. இதிலிருந்து விடுதலை கிடைக்கும் என்றுதான் ஆசைப்பட்டேன். அந்தப் பதினான்கு மாதமும் மேசை சுத்தமாக இருந்தது, மறுக்கவில்லை. அந்தச் சுத்தத்துக்கு 7,200 ரூபாய் கூடக் கொடுத்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

வருத்தம் வாரண்டியில். நீங்கள் தனியாக விற்கும் 24 அங்குல மானிட்டருக்கு மூன்று வருட வாரண்டி கொடுக்கிறீர்கள், உங்கள் இணையதளத்திலேயே பார்த்தேன். உள்ளூர்க் கொட்டேஷனில் இருந்த பிராசசருக்கும் போர்டுக்கும் மூன்று மூன்று வருடம். இரண்டையும் ஒன்றாக ஒட்டி, கூட விலை வைத்து விற்கும்போது மட்டும் ஒரு வருடம் ஆகிவிடுகிறது. இரண்டு நல்ல மாட்டை ஒரே நுகத்தில் பூட்டியதும் இரண்டுக்கும் ஆயுசு குறைந்துபோன கதையாக இருக்கிறது. "எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருக்கலாமே சார்" என்று உங்கள் கால் சென்டர் பெண் சொன்னார். மானிட்டர் வாங்குகிறவரிடம் அதற்குத் தனிக் காசு கேட்காதபோது என்னிடம் மட்டும் ஏனம்மா என்று கேட்டேன். "லைனில் இருங்க" என்றார். பதினொரு நிமிடம் பாட்டுக் கேட்டேன், பிறகு லைன் கட்டாகிவிட்டது.

ஆகவே நான் கேட்பது இது. போர்டை எனக்குக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். 63,500 ரூபாய்ப் பொருளின் போர்டு 14 மாதத்தில் சாவதும், அதற்கு வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கேட்பதும் எந்த நியாயத்திலும் சேராது. அது உங்களால் முடியாது என்றால், போர்டில் போன சில்லறைப் பாகத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்து கொடுங்கள், அதற்கான கூலியைத் தருகிறேன். அதுவும் முடியாது என்றால், திரையின் பேனல் மாடல் எண்ணையும் அதன் கேபிள் இணைப்பு விவரத்தையும் எழுத்தில் கொடுங்கள். பொருத்தமான கண்ட்ரோலர் போர்டு வாங்கி மாட்டினால் இந்தத் திரையைச் சாதாரண மானிட்டராக ஓட்டிவிடலாம் என்கிறான் அக்கா மகன். திரை என் காசில் வாங்கியது, அதை வைத்துக்கொள்ளும் உரிமையாவது எனக்கு வேண்டும். இனி விற்கும் பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. போகும் வழி மட்டும்தான் என்பதையும், உள்ளே இருப்பது லேப்டாப் பிராசசர் என்பதையும், மாற்று போர்டு என்ன விலை என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். இது எனக்காக இல்லை, என்னைப் பார்த்து இதே மாடலை வாங்கிய எதிர்க்கடை எழுத்தருக்காக. அவருக்கு வாரண்டி வரும் நவம்பரில் முடிகிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் தேவை. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. மனு எழுத எனக்கு வக்கீல் தேவைப்படாது என்பதை நீங்களே யூகித்திருப்பீர்கள்.

சர்வீஸ் சென்டரில் பார்வைக் கட்டணம் 590 ரூபாயைக் கட்டி மேற்படி கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அதே ஜமக்காளத்தோடு பீரோ மேல் இருக்கிறது. பரணிலிருந்து 2014ஆம் வருட சிபியுவை இறக்கித் தூசி தட்டி, அதில்தான் இந்தக் கடிதத்தை டைப் செய்திருக்கிறேன். நேரில் பார்வையிட ஆள் அனுப்புவதாக இருந்தால், முகூர்த்த நாள் தவிர எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், எஸ்டிமேட் நகல், உள்ளூர்க் கடைக் கொட்டேஷன் நகல், 590 ரூபாய் ரசீது, கம்ப்யூட்டரின் பின்பக்கப் புகைப்படம் இரண்டு, பஸ் லக்கேஜ் டிக்கெட் ஒன்று.