ஒரே மைக்கில் மூன்று குரல்

ஊர்ப் பெரியவர்களுக்கும் ரசிகர்களுக்கும் எங்களோடு வாசித்த கலைஞர்களுக்கும் வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் இந்த மாசியில் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளையின்போது பாடியதுதான் எங்கள் குடும்ப மெல்லிசைக் குழுவின் கடைசிக் கச்சேரி. 1994-ல் அப்பாவின் ஆர்மோனியத்தோடு அக்கா, நான், தம்பி மூவரும் பாட ஆரம்பித்தோம். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான். 2004-ல் மாவட்டம் பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் எங்களை வீட்டுப் பிள்ளைகளாகவே கூப்பிட்டார்கள்.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளோடு ஊர் ஊராகப் பாடிய கதையைச் சொல்லித்தான் அப்பா எங்களை மேடையேற்றினார். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்த இளையராஜா என்று முடிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

முதல் நன்றி மைக் செட் அண்ணனுக்கு. அன்று எங்களுக்கு ஒரே மைக். அக்காவுக்குக் கணீர்க் குரல், தம்பிக்கு மெல்லிய குரல், சேர்ந்து பாடினால் அக்கா குரல் மட்டும்தான் கேட்கும். அண்ணன் சாக்பீஸ் எடுத்து மேடைப் பலகையில் மூன்று கோடு போட்டார். தம்பி மைக்கை ஒட்டி, நான் ஒரு சாண் தள்ளி, அக்கா ஒரு முழம் பின்னால். அக்கா தனியாக எடுக்கும் வரிக்கு மட்டும் முன்னே வந்து, பல்லவிக்குப் பின்னே போய்விட வேண்டும். "மூணு பேரும் ஒரே தொண்டையில பாடுற மாதிரி இருக்கே" என்று ஜனங்கள் சொன்னதெல்லாம் அந்தக் கோட்டில் நின்ற பிறகுதான். நாலு மைக், மிக்சர் எல்லாம் வந்த காலத்திலும் எங்கள் கால் தானாக அந்த இடத்தைத் தேடும்.

ஒரு ஊரில் விடிய விடியப் பாடியும் பேசிய பணம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை அக்கா எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்து, பென்னாகரம் வரை டிக்கெட் காசும் கையில் திணித்தார். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடை அங்கே இல்லை. டீக்கடை அக்கா, இதைப் படித்தால் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

அப்புறம், ராத்திரி ராத்திரியாக எங்கள் குழந்தைகளைத் தூங்க வைத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! அவர் இல்லையென்றால் அக்காவும் நானும் கல்யாணத்தோடு பாட்டை நிறுத்தியிருப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் எங்கள் கச்சேரியை டேப்பில் பிடித்தவர்கள் யாரிடமாவது கேசட் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். அப்பாவின் குரல் எங்களிடம் ஒன்றில்கூட இல்லை.

அன்புடன்,
மூவரும்